திருவொற்றியூர் இரண்டானது எப்படி?

"சித்தப்பா, என் குறிப்பேட்டில் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கிறது!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படிச் சொல்லிக்கொண்டே என் அண்ணன் மகள் வந்து நின்றாள். திருவொற்றியூரில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள், 'கொற்றலை ஆறும் எண்ணூர்க் கழிமுகமும்'. பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வந்து எண்ணூரில் கடலோடு கலக்கும் கொசஸ்தலை ஆற்றைத்தான் கொற்றலை என்றும் சொல்கிறோம். அந்தக் கழிமுகத்தில் இறாலும் நண்டும் உண்டு. 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் கதையும் உண்டு. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் பரவியது. ஒரு மாணவிக்குப் படித்து முடிக்க இயலாத அளவு பொருள்!

அவள் படிப்பது பெரும்பாலும் புறநகர் ரயிலில், கைத்தொலைபேசியில். ஒரு மின்னூலைத் திறந்து, வேண்டிய வரியை விரலால் தடவி மஞ்சள் நிறமாக்குவாள். இதை 'ஹைலைட்' என்கிறார்கள். நாம் மஞ்சள் வரி என்று வைத்துக்கொள்வோம். இரவில் அந்த மஞ்சள் வரிகள் தாமாகவே அவளுடைய குறிப்புச் செயலிக்குள் வந்து விழுந்துவிடும். கையால் பார்த்து எழுதும் வேலை மிச்சம். ஆனால் அன்று 40 வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் 71 வரிகள் இருந்தன.

இந்த 'தாமாகவே வந்து விழுவது' எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

நீங்கள் மின்னூலில் மஞ்சள் பூசும்போது நூலில் எந்த மாற்றமும் நேர்வதில்லை. நூல் அப்படியே இருக்கிறது. படிப்புச் செயலி வேறோர் இடத்தில் ஒரு சீட்டு எழுதி வைக்கிறது: நூலின் பெயர், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, வரி என்ன, எப்போது குறித்தது. அடுத்த முறை பக்கத்தைத் திறக்கும்போது சீட்டைப் பார்த்து மஞ்சளைத் திரையில் போட்டுக் காட்டுகிறது. அவ்வளவுதான். கிண்டில் என்னும் படிப்புக் கருவியில் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற பெயரில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் சீட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருப்பதைக் காணலாம். இரண்டு சீட்டுகளுக்கு நடுவே பத்துச் சமக்குறிகள்தான் வேலி.

'எங்கே' என்பதை எப்படிச் சொல்வது? பக்க எண் பயன்படாது. எழுத்தைப் பெரிதாக்கினால் மின்னூலின் பக்கங்கள் கூடிவிடுமே! ஆகவே 'மூன்றாம் இயல், ஐந்தாம் பத்தி, 41-ஆம் எழுத்து முதல் 96-ஆம் எழுத்து வரை' என்பது போன்ற முகவரி தேவைப்படுகிறது. 'ஈபப்' என்னும் மின்னூல் வடிவத்துக்கு இப்படி ஒரு முகவரி முறையே வகுத்திருக்கிறார்கள். மரத்தில் எந்தக் கிளை, அதில் எந்தச் சிறுகிளை, அதில் எந்த இலை என்று போகும் முறை அது. எழுத்தை எண்ணுவது எளிய வேலை என்றுதானே நினைக்கிறீர்கள்? பொறுங்கள், அங்கேதான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது.

இனி, ஒத்திசைவு. படிப்புச் செயலியிலுள்ள சீட்டுகளும் குறிப்புச் செயலியிலுள்ள குறிப்புகளும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் நிரலுக்கு ஒவ்வொரு தடவையும் எழும் முதல் கேள்வி: இது புதிய சீட்டா, நேற்றே வந்த சீட்டா?

இதற்கு விடை எண்ணூர் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியின் மீதும் நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு எண்கள், கடைசியில் ஒரு சிறு கட்டத்துக்குள் இன்னும் ஓர் எண் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உடைமையாளரைக் குறிக்கும். நான்காவது, பெரும்பாலும் 'யூ', அது சரக்குப் பெட்டி என்பதைக் குறிக்கும். ஆறு எண்கள் வரிசை எண். உலகில் ஒரு பெட்டிக்கு உள்ள பெயர் இன்னொரு பெட்டிக்கு இராது. சிங்கப்பூரில் ஏற்றியது எண்ணூரில் இறங்கினால், அதே பெட்டிதான் என்று பெயரைக் கொண்டே அறியலாம். திறந்து பார்க்க வேண்டியதில்லை.

கட்டத்துக்குள் இருக்கும் கடைசி எண்தான் சுவையானது. 'சி, எஸ், க்யூ, யூ' என்ற எழுத்துகளும் 305438 என்ற எண்ணும் கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு: சி 13, எஸ் 30, க்யூ 28, யூ 32. முதல் இடத்தில் உள்ளதை 1-ஆல் பெருக்கு, அடுத்ததை 2-ஆல், அடுத்ததை 4-ஆல், 8-ஆல், இப்படியே பத்தாம் இடத்தில் 512-ஆல் பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டினால் 6185 வரும். 11-ஆல் வகுத்தால் மீதி 3. அதுதான் கட்டத்துக்குள் எழுதப்படும் எண்! யாராவது ஓர் எண்ணைத் தவறாகக் குறித்துக்கொண்டால் கணக்கு பெரும்பாலும் இடித்துவிடும். காகிதம் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

மஞ்சள் வரிகளுக்கும் இத்தகைய அடையாள எண் ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். வரியிலுள்ள எழுத்துகளைக் கணக்கில் போட்டு அரைத்து ஒரு நீண்ட எண்ணாக்குவது அந்த முறை. கைரேகை என்று சொன்னால் பொருந்தும். வரியில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். பரவலாக வழங்கும் ஒரு முறையில் வரக்கூடிய கைரேகைகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஆகவே வெவ்வேறு வரிகள் இரண்டுக்குத் தற்செயலாக ஒரே கைரேகை அமையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நிரல் ஒவ்வொரு சீட்டின் கைரேகையையும் பார்க்கிறது. முன்பே இருந்தால் விட்டுவிடுகிறது, இல்லையென்றால் சேர்க்கிறது.

அப்படியானால் ஒரே வரி எப்படி இரண்டாகும்?

என் அண்ணன் மகள் அந்த நூலை இரண்டு இடங்களில் திறந்திருந்தாள். ரயிலில் கைத்தொலைபேசி, வீட்டில் கணிப்பொறி. இரண்டிலும் படிப்புச் செயலிகள் வேறு வேறு. மஞ்சள் வரிகள் குறிப்பேட்டுக்கு இரண்டு வழியாகவும் வந்திருக்கின்றன. வரட்டுமே! கைரேகை ஒன்றாக இருந்தால் இரண்டாவதைத் தள்ளியிருக்க வேண்டுமல்லவா?

"எல்லாமே இரட்டிக்கவில்லை. 31 மட்டும்தான்," என்றாள் அவள். "ஒன்பது ஒற்றையாகவே இருக்கின்றன."

இது நல்ல துப்பு. எல்லாம் கெட்டுப்போயிருந்தால் கண்டுபிடிப்பது கடினம். சில மட்டும் கெட்டிருந்தால் கெட்டதற்கும் கெடாததற்கும் உள்ள வேறுபாட்டைத் தேடலாம். இரண்டு பட்டியல்களாக எழுதச் சொன்னேன்.

முதலில் அவள், நீளமான வரிகள்தான் இரட்டிக்கின்றன என்றாள். பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 'கொற்றலை' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் ஓரிடத்தில் மஞ்சளாக்கியிருந்தாள், அதுவும் இரட்டித்திருந்தது. அந்த ஊகம் போயிற்று. தேதியைப் பார்த்தோம், பயனில்லை. பிறகு ஒற்றையாக நின்ற ஒன்பதையும் உரக்கப் படித்தாள்: 'எண்ணூர் அனல்மின் நிலையம்', 'பழவேற்காடு ஏரி', 'அலையாத்தி மரங்கள்', 'உவர்நீர்'... இரட்டித்தவற்றில் 'கொற்றலை', 'திருவொற்றியூர்', 'மீனவர்கள் சொல்வது போல'...

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஒகரம், சித்தப்பா!" என்று கத்தினாள். "இரட்டித்ததில் எல்லாம் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது. அந்த ஒன்பதில் ஒன்றில்கூட இல்லை!"

அதைச் சோதிக்க வழி இருக்கிறது. பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில், ஒரு சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்க ஒரு சிறு கட்டளை உண்டு. குறிப்பேட்டிலிருந்த இரண்டு 'திருவொற்றியூர்'களையும் எடுத்து நீளம் கேட்டோம். ஒன்றுக்கு 14 என்று விடை வந்தது. மற்றதற்கு 15! கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது.

நமக்குத் திருவொற்றியூர் ஏழு எழுத்து: தி, ரு, வொ, ற், றி, யூ, ர். கணிப்பொறி அப்படி எண்ணுவதில்லை. யூனிக்கோடு என்னும் உலகப் பொது முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இருக்கைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் அகரமேறிய மெய்களுக்கு இடம் உண்டு. காலுக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம் உண்டு. 'தி' போன்ற உயிர்மெய்க்கு முழு எழுத்தாக இடம் இல்லை. தகரத்தையும் விசிறியையும் அடுத்தடுத்து வைத்தே 'தி' ஆக்க வேண்டும். அதனால் 'எண்ணூர்' நமக்கு 4 எழுத்து, கணிப்பொறிக்கு 7. 'ராயபுரம்' நமக்கு 5, அதற்கு 8. 'திருவொற்றியூர்' 14.

15 ஆனது எப்படி? 'வொ' என்பதைப் பாருங்கள். வகரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். ஈய அச்சு நாளில் அச்சுக்கோப்பவர் கொம்பு, வகரம், கால் என்று மூன்று அச்சுகளை எடுத்து அடுக்குவார். தமிழ்த் தட்டச்சிலும் அதே மூன்று தட்டுகள். யூனிக்கோட்டிலோ, வகரம் 2997. ஒகரக் குறி முழுவதற்கும் ஒரே இருக்கை, 3018. ஆனால் கொம்புக்குத் தனியே 3014 என்ற இருக்கையும், காலுக்குத் தனியே 3006 என்ற இருக்கையும் இருக்கின்றன அல்லவா? எனவே 'வொ' என்பதை 2997, 3018 என்றும் எழுதலாம்; 2997, 3014, 3006 என்றும் எழுதலாம். திரையில் தோன்றும் உருவம் ஒன்றே.

கன்டெய்னர் பாணியில் ஒரு குட்டிக் கைரேகை செய்து பார்ப்போம். எண்களைக் கூட்டி 11-ஆல் வகுப்போம். முதல் 'வொ': 2997 + 3018 = 6015, மீதி 9. இரண்டாவது 'வொ': 2997 + 3014 + 3006 = 9017, மீதி 8. கைரேகை வேறு, ஆகவே ஆளும் வேறு என்று நிரல் முடிவு கட்டிவிட்டது. நிரலைக் குறை சொல்லி என்ன பயன்? அதற்குக் கண் கிடையாது.

அந்த மின்னூல் பழைய எழுத்துரு முறையிலிருந்து யூனிக்கோட்டுக்கு மாற்றப்பட்டது போலும். பழைய முறைகள் பல, தட்டச்சு வழக்கப்படி கொம்பையும் காலையும் தனித்தனியே வைத்திருந்தவை. மாற்றியபோது சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். தொலைபேசிச் செயலி உள்ளதை உள்ளபடியே அனுப்பியது. கணிப்பொறிச் செயலி சேர்த்து ஒழுங்குபடுத்தி அனுப்பியது. இரண்டும் தத்தம் அளவில் சரியே! வழக்கே இப்படித்தான் எழுகிறது.

இதற்கு மருந்தும் யூனிக்கோட்டிலேயே இருக்கிறது. இயல்பாக்கம் என்பது அதன் பெயர். 3014-ஐ அடுத்து 3006 வந்தால் 3018 ஆக்கு; 3015-ஐ அடுத்து 3006 வந்தால் ஓகாரக் குறியான 3019 ஆக்கு; 3014-ஐ அடுத்து 3031 வந்தால் ஔகாரக் குறியான 3020 ஆக்கு. கைரேகை எடுப்பதற்கு முன் எல்லா வரிகளையும் இந்தச் சல்லடையில் ஒரு தடவை சலித்துவிட்டால் போதும். ஒத்திசைவு நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தோம். கைரேகைகள் ஒன்றாயின.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஔகாரத்துக்குரிய 3031-ஆம் குறியும் ளகரமும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியவர்கள் எத்தனையோ பேர். அதைச் சல்லடை பிடிக்காது. ஏனென்றால் அது உண்மையிலேயே எழுத்துப் பிழை. தமிழ் எண் ௧-உம் ககரமும், தமிழ் எண் ௭-உம் எகரமும் அப்படியே. உருவம் ஒன்று, இருக்கை வேறு, பொருளும் வேறு. இவற்றைத் திருத்த மனிதக் கண்தான் வேண்டும்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

என்னிடம் வருவதற்கு முதல் நாளே அவள் இரட்டித்த 31-ஐயும் கையால் அழித்துப் பார்த்திருக்கிறாள். இரவு ஒத்திசைவில் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. ஏன் என்று யோசியுங்கள். ஒரு வரி அழிக்கப்பட்டதற்கும் அது இன்னும் வந்து சேராததற்கும் நிரலின் பார்வையில் என்ன வேறுபாடு? இரண்டிலும் அந்த இடம் காலியாகத்தானே இருக்கிறது! 'ஐயோ, இது வந்து சேரவில்லையே' என்று அக்கறையோடு மறுபடி கொண்டுவந்து வைத்துவிடும். நல்ல நிரல்கள் அழித்த இடத்தில் ஒரு சிறு அடையாளம் விட்டுவைக்கும்: 'இந்தக் கைரேகை கொண்டவர் இங்கே இருந்தார், இன்ன நாளில் போனார்.' ஆங்கிலத்தில் இதைக் கல்லறைக் கல் என்றே அழைக்கிறார்கள். நாம் நடுகல் என்போம். நடுகல் இருந்தால் மறுபடி கொண்டுவர மாட்டா.

அவளது நிரலில் நடுகல் இல்லை. ஆகவே பழையதைத் துடைத்து முழுப் பக்கத்தையும் புதிதாக எழுதிவிடுவது எளிது என்று நான் எண்ணினேன். செயலியில் அதற்கு ஒரு பொத்தானும் இருந்தது. அழுத்தினேன். 71 போய் 40 வந்தது. சபாஷ் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

"சித்தப்பா... நான் எழுதியது எங்கே?"

மஞ்சள் வரிகளுக்குக் கீழே அவள் தன் கையால் சில குறிப்புகள் எழுதி வைத்திருந்தாள். அவை எந்த நூலிலும் இல்லாதவை. எண்ணூர் காட்டுக்குப்பத்தில் ஒரு பாட்டியிடம் கேட்டு எழுதிய நான்கு வரிகள்: சிறுமியாக இருந்தபோது கழிமுகத்தில் எவ்வளவு ஆழத்தில் நின்று கையால் தடவி இறால் பிடித்தார், இப்போது அதே இடம் எப்படி இருக்கிறது என்பவை. நூலிலிருந்து வந்த வரிகள் எத்தனை முறை அழிந்தாலும் திரும்ப வரும். இந்த நான்கு வரிகளுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. பொத்தானை அழுத்தியவன் நான், தவறு என்னுடையதே.

இங்கே நடந்திருக்க வேண்டியது என்ன? மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியான முறை: கடைசியாக ஒத்திசைந்தபோது பக்கம் எப்படி இருந்தது, இப்போது படிப்புச் செயலியில் எப்படி இருக்கிறது, இப்போது குறிப்பேட்டில் எப்படி இருக்கிறது. இரண்டை மட்டும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். யார் மாற்றினார் என்பது தெரியாது. மூன்றாவதான பழைய படியும் இருந்தால்தான், 'இந்த நான்கு வரிகள் பழைய படியிலும் இல்லை, செயலியிலும் இல்லை. எனவே குறிப்பேட்டுக்காரி சேர்த்தவை, கை வைக்காதே' என்று நிரல் தீர்மானிக்க முடியும். ஒரே வரியை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால்? அப்போது நிரல் தானாக ஒன்றைத் தேர்ந்துவிடக் கூடாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, மனிதரைக் கேட்க வேண்டும்.

தமிழில் இந்த வேலையைக் கணிப்பொறி இல்லாமலேயே செய்தவர் ஒருவர் உண்டு. 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். ஒரே பாட்டு ஒரு சுவடியில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருக்கும். ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. குற்றெழுத்தான ஒகரத்துக்கும் நெட்டெழுத்தான ஓகாரத்துக்கும் வடிவில் வேறுபாடு காட்டாத சுவடிகள் ஏராளம். (ஒகரம் நம்மை அலைக்கழிப்பது இன்று நேற்றல்ல!) பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பொருந்தும் பாடத்தை மேலே வைத்தார். மற்றதை எறிந்துவிடவில்லை; பிரதிபேதம் என்று அடியில் குறித்தார். பின்னால் வருகிறவர் தாமே பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம் அல்லவா?

இப்போது அவளுடைய பக்கத்தில் ஒரு வேலி போட்டிருக்கிறோம். வேலிக்கு மேலே நிரல் எழுதும். வேலிக்குக் கீழே அவள் எழுதுவாள். நிரல் அங்கே நுழையாது. ஒவ்வோர் ஒத்திசைவுக்கு முன்பும் பழைய படியைத் தேதி போட்டுத் தனியே எடுத்து வைத்துவிடும். எழுத்துக் கோப்புகள்தாமே, ஓராண்டுப் படிகளும் ஒரு புகைப்படத்தின் இடத்தைக்கூடப் பிடிக்காது போலிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை இருவருமாக ரயிலேறி எண்ணூரில் இறங்கிக் காட்டுக்குப்பத்துக்குப் போனோம். பாட்டி திண்ணையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கே சொன்னேனே கண்ணு, எழுதிக்கலையா?" என்றார். எழுதியது அழிந்துபோன கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு மறுபடி சொன்னார்.

முதல் தடவை தண்ணீர் கழுத்தளவு இருந்தது என்று சொன்னதாக அவளுக்கு நினைவு. இந்தத் தடவை பாட்டி மார்பளவு என்றார். அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் எழுதி, பக்கத்தில் தேதிகளைப் போட்டுக்கொண்டாள். இம்முறை காகித நோட்டில்.